வழவழப்பும் சொரசொரப்பும்

மார்பகப் புற்றுநோய்க்காக ரணசிகிச்சை செய்துகொள்ள வேண்டிய நிலைக்கு வந்து, எடுத்துவிட்ட மார்பகத்தின் இடத்தில் சிலிக்கோன் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்கள், டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டே போய், அங்கே உட்கார்ந்ததும் நாக்கு எழாமல் கேளாமலே திரும்பிவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. செலவு எவ்வளவு, வலி எத்தனை நாள், வேலைக்கு எப்போது போகலாம் என்பனவற்றையெல்லாம் கேட்டுவிடுகிறார்கள். வைத்த பிறகு அது தொட்டால் எப்படி இருக்கும், கணவர் கைக்கு எப்படித் தெரியும், குழந்தையை அணைத்தால் இடையில் கடினமாக நிற்குமா, படுத்தால் புரண்டால் உள்ளே என்னவாகத் தோன்றும் என்பதை மட்டும் கேட்பதில்லை. என் தங்கைக்கு இந்தச் சிகிச்சை நடந்தது தெரிந்த சில சிநேகிதிகள், டாக்டரிடம் கேட்காததை என்னிடம் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். வழவழப்பான இம்பிளான்ட், சொரசொரப்பான இம்பிளான்ட் என்று இரண்டு வகை சொல்கிறார்களே, இரண்டில் எது இயற்கையாக இருக்கும் என்பதே அவர்களில் பெரும்பாலோர் கேட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை; தன் சரீரத்துக்குள் பல வருஷ காலம் தங்கப்போகிற ஒரு வஸ்துவைப் பற்றி எந்த விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணுக்குப் பூரண உரிமை உண்டு.

இம்பிளான்ட் என்பது சிலிக்கோன் ரப்பரால் ஆன ஒரு மேலுறையும் அதனுள் நிரப்பிய சிலிக்கோன் ஜெல்லும் சேர்ந்தது. சிலவற்றில் ஜெல்லுக்குப் பதிலாக உப்புநீர் இருக்கும். திரவ சிலிக்கோனில் ஓர் அச்சைப் பல தடவை முக்கியெடுத்து, படலத்தின்மேல் படலமாகப் படியவிட்டு, சூட்டில் பக்குவப்படுத்திக் கழற்றினால் கிடைப்பது வழவழப்பான மேலுறை. அது முற்றிலும் பக்குவமாகுமுன் அதன் பரப்பில் உப்புப் பரல்களை அழுத்திப் பதித்து, மேலே இன்னொரு மெல்லிய படலம் கொடுத்துப் பிறகு உப்பைக் கழுவிக் கரைத்துவிட்டால், பரல் இருந்த இடமெல்லாம் குழிகுழியாக நிற்கும். பயோசெல் என்ற பெயரில் அல்லெர்கன் கம்பெனி விற்றுவந்த பரப்பு இவ்விதம் உண்டானது. மென்டர் கம்பெனியின் சில்டெக்ஸ் என்ற பரப்போ, பக்குவமாகாத சிலிக்கோனைப் பாலியூரிதேன் நுரைப்பஞ்சில் அழுத்தி அதன் பதிவை எடுத்ததாகையால், அதன் மேடுபள்ளங்கள் பயோசெல் அளவுக்கு ஆழமானவை அல்ல. ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2018இல் வெளியிட்ட 14607ஆம் எண் விதியின்படி, பரப்பின் சராசரி ஏற்றத்தாழ்வு 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் அது வழவழப்பு. 10 முதல் 50 வரை நுண்சொரசொரப்பு. 50க்கு மேற்பட்டது பெருஞ்சொரசொரப்பு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, இவ்வளவு விவாதத்துக்கும் காரணமான வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குள் அடங்கிவிடுகிறது.

என் தங்கை அமெரிக்காவில் டெக்சஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் இருக்கிறாள். 2017இல் அவளுடைய இடது மார்பகத்தை எடுத்துவிட வேண்டும் என்று முடிவானபோது நான் போய் உடனிருந்தேன். பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண்மணி. பரபரப்பில்லாத, நிதானமான சுபாவம். மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து எங்கள் முன்னால் வைத்து, "நான் பேசுவதற்கு முன்னால் இவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்" என்றார். தங்கை கையை நீட்டவில்லை. "அக்கா, முதலில் நீ எடுத்துப் பார்" என்றாள்.

வழவழப்பானதை முதலில் எடுத்தேன். வட்ட வடிவம், உள்ளங்கையில் வைத்த மாத்திரத்தில் ஜெல் தாழ்ந்த பக்கமாகச் சரிந்து, விரல்களின் இடுக்குக்கு ஏற்றபடி தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் அமிழ்ந்தது, எடுத்ததும் பள்ளம் மறைந்துவிட்டது. மேலுறை மிக மெல்லியதாகையால் இரண்டு விரலால் கிள்ளினால் அது மட்டும் தனியே ஒரு மடிப்பாக எழுந்து வந்தது. டாக்டர் அதன்மேல் கொஞ்சம் உப்புநீரைத் தெளித்து, "இப்போது பிடியுங்கள்" என்றார். இரண்டு கையாலும் பிடித்தும் அது நழுவி மேஜைமேல் விழுந்துவிட்டது. மற்றது நீர்த்துளி வடிவம், மேலே ஒடுங்கிக் கீழே பருத்தது. அதன் பரப்பு, உப்புத்தாளின் மிக நைஸான ரகத்தைத் தடவியதுபோல் விரல் நுனியில் மெல்லத் தடைப்பட்டது. வைத்த இடத்தில் அப்படியே நின்றது, கையைச் சாய்த்தாலும் சரியவில்லை, அழுத்தினால் எதிர்த்தது, மேலுறையும் கனமாக இருந்தது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று சர்ஜன் விரலால் தடவியே அறிந்துகொள்ள, அதில் சிறுசிறு புள்ளிகள் புடைத்திருந்தன. தங்கை இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கெட்டியாக இருக்கிறதே அக்கா, அதுதான் மிருது, அதையே வைக்கச் சொல்லலாமா?" என்றாள். அதைத் தங்கை ஆங்கிலத்தில் சொன்னபோது டாக்டர் சொன்ன பதில் இந்த விஷயத்தின் சாரமே ஆகும்: "வழவழப்பானதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கையில் தெரிகிற இந்த மிருதுவுக்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே போனபின் இந்தப் பரப்பை உங்கள் விரல் தொடப்போவதில்லை, உங்கள் திசுதான் தொடப்போகிறது."

கையில் தெரிந்த கடினத்துக்கும் மிருதுவுக்கும் பரப்பு முழுப் பொறுப்பாகாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீர்த்துளி வடிவமுள்ள இம்பிளான்ட் தன் வடிவத்தை விடாமல் காக்க வேண்டுமானால் உள்ளிருக்கும் ஜெல் கெட்டியானதாக, வெட்டினாலும் வழியாததாக இருந்தாக வேண்டும். அமெரிக்கர்கள் அதற்குக் கரடிப் பொம்மை வடிவத்து ஜெல்லி மிட்டாயின் பெயரை வைத்து அழைப்பது வழக்கம். அந்த வடிவம் உள்ளே சுழன்றுவிட்டால் பருத்த பக்கம் மேலேறி மார்பகம் விகாரப்பட்டுவிடும் என்பதால், அது திசுவைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்பதற்காகச் சொரசொரப்பு அதற்கு அவசியமாகிறது. ஆகையால் கெட்டி ஜெல்லும் சொரசொரப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து, சொரசொரப்பினால்தான் கெட்டியாயிற்று என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. வட்ட வடிவில், இளகிய ஜெல்லோடு, சொரசொரப்பான மேலுறை கொண்டவையும் உண்டு. அவற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள், மேலுறையின் கனத்தினால் சற்றே தடிப்பாகத் தெரிகிறது என்பதைத் தவிர அதிக வித்தியாசம் சொல்வதில்லை. உப்புநீர் நிரப்பியதோ, மேலுறை எதுவானாலும், தண்ணீரின் தன்மையால் அலையலையாக மடிப்பு விழுந்து, மெல்லிய தோலின் கீழ் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். எந்த அந்நிய வஸ்து உள்ளே வந்தாலும் சரீரம் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஒரு பை கட்டிவிடுகிறது. டாக்டர்கள் அதைக் காப்ஸ்யூல் என்பார்கள். இது நோயன்று, சரீரத்தின் இயல்பான காரியம். அந்தப் பை மெல்லியதாகவும் தளர்வாகவும் அமைந்தால் இம்பிளான்ட் மிருதுவாகத் தெரியும். பை தடித்து இறுகிப்போனால், உள்ளே எவ்வளவு இளகிய ஜெல் இருந்தாலும் தொடும் கைக்குக் கடினமாகவே தெரியும். வைத்தபின் உண்டாகும் ஸ்பரிசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பையே என்பதால், இம்பிளான்ட்டின் சரித்திரம் முழுவதும் இந்தப் பையோடு சர்ஜன்கள் நடத்திய போராட்டமாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சரித்திரம் தொடங்கியதும் தங்கை இருக்கும் ஹூஸ்டனில்தான். தாமஸ் கிரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு சர்ஜன்கள், டௌ கார்னிங் கம்பெனியின் சிலிக்கோனைக் கொண்டு செய்த முதல் இம்பிளான்ட்டை 1962இல் அந்நகரத்து ஜெஃபர்சன் டேவிஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். இரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையால் பிடித்துப் பார்த்தபோதுதான் ஜெரோவுக்கு இந்த யோசனை உதயமாயிற்று என்று சொல்வார்கள். ஸ்பரிசமே இந்தக் கருவியின் பிறப்புக்குக் காரணம் என்பது கவனிக்கத்தக்கது. ஆதியில் செய்தவற்றின் மேலுறை தடித்தது. இடம்பெயராமல் மார்புச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமென்று பின்புறம் டேக்ரான் துணித்துண்டுகளை வைத்திருந்தார்கள். அவை கெட்டியாகத் தெரிந்தமையால், எழுபதுகளில் துணித்துண்டுகளை நீக்கி, மேலுறையை மெல்லியதாக்கி, ஜெல்லை இளக்கினார்கள். கையில் அவை அதிக மிருதுவாக இருந்தன என்பது மெய்தான்; ஆனால் மெல்லிய மேலுறையின் வழியே சிலிக்கோன் கசிந்தது, எளிதில் கிழிந்தது, பை இறுகும் தொல்லையும் அப்படியே நீடித்தது. அந்த இறுக்கத்தை அளந்து சொல்வதற்கு 1975இல் பேக்கர் என்ற சர்ஜன் வகுத்த நான்கு படிகளை இன்றும் டாக்டர்கள் கையாள்கிறார்கள்: முதற்படியில் மார்பகம் இயற்கையாகவும் மிருதுவாகவும் இருக்கும்; இரண்டாவதில் பார்வைக்கு வித்தியாசமில்லை, கைக்குச் சற்று கெட்டி; மூன்றாவதில் கெட்டிப்பதோடு உருவமும் மாறும்; நான்காவதில் கடினமும் விகாரமும் வலியும் சேர்ந்துவிடும். நான்காவது படியை அடைந்த ஒரு பெண்ணுக்கு, மேஜைமேல் வைத்துப் பார்த்த மாதிரியின் மிருது எந்த விதத்திலும் ஆறுதலாகாது.

பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பை இறுகுவது குறையும் என்ற எண்ணம், 1970ஐ ஒட்டி வந்த பாலியூரிதேன் நுரை போர்த்திய இம்பிளான்ட்டுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அந்த நுரைக்குள் திசு ஊடுருவி வளர்ந்தமையால், தழும்பின் நார்கள் ஒரே திசையில் வரிசையாக அமைந்து ஒன்றாகச் சுருங்க முடியாமற் போயிற்று. நுரை சரீரத்துக்குள் சிதைந்து தீங்கான ரசாயனத்தை உண்டாக்குமோ என்ற அச்சத்தால் 1991இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டார்கள். பிரேசிலிலும் ஜெர்மனியிலும் அவை தொடர்ந்தன. அதற்குள் எண்பதுகளின் பிற்பகுதியில், நுரை இல்லாமலே சிலிக்கோன் மேலுறையைச் சொரசொரப்பாக்கும் முறைகள் வந்துவிட்டன. பால் சுரப்பிக்குக் கீழே, தசைக்கு மேலே வைத்த இம்பிளான்ட்டுகளில் சொரசொரப்பு இறுக்கத்தைக் குறைக்கிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டின. தசைக்கு அடியில் வைத்தவற்றில் அந்த அனுகூலம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எந்தப் பரப்பு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்றும் கேட்காதவரை முன்னதற்குக் கிடைக்கும் பதிலால் பயனில்லை.

வைத்தபின் தொட்டால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு இப்போது நேராகவே வருகிறேன். சொரசொரப்பை வெளியிலிருந்து எவரும் விரலால் உணர முடியாது. தோல், கொழுப்பு, தசை, தழும்புப் பை ஆகிய இத்தனையையும் கடந்து அது கைக்கு எட்டுவதில்லை. கைக்கு எட்டுவன வேறு இரண்டு. ஒன்று அசைவு, மற்றது மடிப்பு. வழவழப்பானது தன் பையோடு ஒட்டுவதில்லை. ஆகையால் எழுந்து நின்றால் ஜெல் கீழே இறங்கிச் சாய்ந்து இயற்கையான சரிவைக் கொடுக்கும், மல்லாந்து படுத்தால் சற்றுப் பக்கவாட்டில் ஒதுங்கும், கையால் தள்ளினால் நகர்ந்து கொடுக்கும். இந்த நகர்ச்சியைக் காப்பாற்றுவதற்காகவே சில சர்ஜன்கள், புண் ஆறியபின் தினமும் அதை மேலும் கீழும் மெல்லத் தள்ளிக்கொடுக்கச் சொல்வார்கள். குற்றம் ஒன்று உண்டு: நகர்ச்சி மிகுந்துபோனால் சில வருஷங்களில் அது கீழே இறங்கிவிடும், அல்லது அக்குள் பக்கமாக ஒதுங்கிவிடும். பெருஞ்சொரசொரப்பானதோ, திசு அதன் குழிகளுக்குள் வளர்ந்து பற்றிக்கொண்டால், வைத்த இடத்தில் நிற்கும். ஓடினாலும் குனிந்தாலும் மல்லாந்தாலும் அதன் நிலை அதிகம் மாறாது. ஆடை அணிந்த நிலையில் அது ஒரு சௌகரியம். படுக்கையில் அதுவே இயற்கைக்கு மாறானதாகத் தோன்றும். மடிப்பைப் பொறுத்தமட்டில், மேலே போர்த்திய சதை கனமாக இருந்தால் இரண்டிலும் ஒன்றும் தெரியாது. தோல் மெல்லியதாக இருந்தால், வழவழப்பானதில் வெளிப்பக்கக் கீழோரத்தில் மேலுறையின் சிறு சுருக்கம் விரலுக்குப் படலாம். சொரசொரப்பானதில் அது பற்றிக்கொண்ட திசுவையே இழுப்பதால், குனியும்போது தோலில் வரிவரியாகக் கண்ணுக்கே தெரியலாம், தடித்த மேலுறையின் விளிம்பும் அதிகமாகத் தட்டுப்படலாம். நுண்சொரசொரப்புள்ளவற்றில் பல, திசுவை உறுதியாகப் பற்றுவதேயில்லை. அவை அசைவிலும் ஸ்பரிசத்திலும் வழவழப்பானவற்றின் பக்கமே சேர்ந்தவை.

சொந்தச் சதை முழுதும் இருக்க, அளவைப் பெரிதாக்கிக்கொள்வதற்காக மட்டும் வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் சதையின் கீழ் மறைந்துவிடும். மார்பகத்தையே எடுத்துவிட்ட பெண்ணின் நிலைமை வேறு. அவளுக்கு எஞ்சியிருப்பது தோலும் அதன் கீழே சிறிது கொழுப்பும்தான். அதற்கும் மேலாக, விலா எலும்புகளின் இடையிலிருந்து வரும் நரம்புக் கிளைகள் சிகிச்சையில் அறுபட்டுவிடுவதால், தொடும் கைக்கு அது எப்படியிருந்தாலும், தொடப்படுகிற அவளுக்கு அங்கே உணர்ச்சி வெகுவாகக் குறைந்தோ முற்றிலும் இல்லாமலோ போய்விடுகிறது. இயற்கையாக இருக்குமா என்று கேட்கும்போது பிறர் கைக்கு எப்படி என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்த மார்பகத்தைச் சுமக்கிறவளுக்கு எப்படி என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை. என் மனத்தை மிகவும் வருத்திய விஷயம் இதுதான்.

தங்கைக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்ற விரிப்பான் ஒன்றைத் தசைக்கு அடியில் வைத்தார்கள். அதன் பரப்பு சொரசொரப்பானது. அதன் வாயிலை ஒரு காந்தத்தால் தோலின் மேலிருந்து கண்டுபிடித்து, ஊசி குத்தி, தவணை தவணையாக உப்புநீரை ஏற்றித் தசையையும் தோலையும் விரித்துக்கொண்டுபோனார்கள். அந்த மாதங்களில் அது அசையவே அசையாது. "மார்பில் ஏதோ ஒரு தட்டைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது அக்கா, புரண்டு படுத்தால் அது மட்டும் புரள மாட்டேன் என்கிறது" என்று சொல்லிக் கண் கலங்குவாள். அதை எடுத்துவிட்டு வழவழப்பான வட்ட இம்பிளான்ட்டை வைத்தபின், சில வாரங்களிலேயே வித்தியாசம் பிரத்தியட்சமாயிற்று. ஒருக்களித்துப் படுத்தாள், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள், சீட் பெல்ட் மார்பின் குறுக்கே போட்டால் முன்போல் அழுத்தவில்லை என்றாள். ஆனால் பரப்பு மாறியதால் மாறாத சங்கடங்களும் இருந்தன. ஏ.சி. அறையில் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால், இரத்த ஓட்டமில்லாத அந்த ஜெல் சரீரத்தின் சூட்டுக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஜில்லென்று இருக்கும். சப்பாத்தி மாவு பிசையும்போதும் கனமான கதவைத் தள்ளும்போதும் மார்புத் தசை சுருங்கி இம்பிளான்ட்டை மேலே ஏற்றிவிடும். அது தசைக்கு அடியில் வைத்ததன் விளைவே தவிர, பரப்பின் விளைவு அன்று. இப்போது பல சர்ஜன்கள் பதப்படுத்திய தோல்படலம் ஒன்றைப் போர்த்தித் தசைக்கு மேலேயே வைப்பதால் இந்தத் துள்ளல் இல்லாமற் போகிறது. அதற்கு ஈடாக, மேலே போர்வை மெல்லியதாகிவிடுவதால் மடிப்புகள் சற்று அதிகமாகத் தெரியக்கூடும்.

தங்கையின் ஆதரவுக் குழுவில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, அதே காலத்தில் இரண்டு பக்கமும் சொரசொரப்பான நீர்த்துளி வடிவத்தை வைத்துக்கொண்டவர். ஆசிரியையாக வேலை பார்ப்பவர். நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பவர். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நிற்கின்றன, காலையில் இருந்த இடத்திலேயே மாலையிலும் இருக்கின்றன, ஆடையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை என்று திருப்தியாகச் சொன்னார். மல்லாந்து படுக்கும்போது அவை சாயாமல் நிற்பது மட்டும் தம் கணவருக்கு விசித்திரமாக இருந்தது என்றும், அதுவும் போகப்போகப் பழகிவிட்டது என்றும் சொன்னார். ஸ்பரிசத்தைப் பற்றி அவர் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. 2019இல் அவருக்கு வந்த கடிதம் வேறு விஷயத்தைச் சொல்லிற்று.

திசு பற்றிக்கொள்வதற்காக உண்டாக்கிய அந்தக் குழிகளைச் சுற்றி, மிகச் சிலருக்கு, வருஷங்கள் கழித்து, தழும்புப் பையிலும் அதைச் சூழ்ந்த நீரிலும் ஒருவகை நிணநீர்ப் புற்று உண்டாகிறது. இது மார்பகப் புற்றுநோய் அன்று. நோய் எதிர்ப்பு அணுக்களில் தோன்றும் லிம்போமா. முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1997இல் மருத்துவ இதழில் வெளிவந்தது, எஃப்.டி.ஏ. என்னும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் இம்பிளான்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி வியாதியாக ஏற்றுக்கொண்டது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் தேசம் பெருஞ்சொரசொரப்பானவற்றையும் பாலியூரிதேன் போர்த்தியவற்றையும் தடை செய்தது. அவ்வருஷம் ஜூலையில் எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டபடி, அல்லெர்கன் தன் பயோசெல் இம்பிளான்ட்டுகளையும் விரிப்பான்களையும் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்றைக்கு எஃப்.டி.ஏ. கணக்கில் இருந்த நோயாளிகள் உலகெங்கும் 573 பேர். அவர்களில் 481 பேர் வைத்திருந்தது அல்லெர்கன் இம்பிளான்ட். இறந்தவர்கள் 33 பேர். இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண்களின் தொகையோடு பார்த்தால் இது அபூர்வமான வியாதிதான். பெரும்பாலோரிடம் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, இம்பிளான்ட்டையும் பையையும் முழுமையாக எடுத்துவிட்டால் குணமாகிவிடுகிறது. ஆயினும், ஒரு புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த பெண்ணின் மார்பில் இன்னொன்றுக்கு இடம் வைப்பதை என் மனம் ஒப்பவில்லை.

ஆகையால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்பரிசத்துக்காகச் சொரசொரப்பானதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நியாயம் ஒன்றும் இல்லை. அது கைக்கு அதிக மிருதுவும் அன்று, அசைவில் அதிக இயற்கையும் அன்று. அதன் மெய்யான அனுகூலங்கள் இரண்டே: நீர்த்துளி வடிவத்தைச் சுழலாமல் நிறுத்துவதும், சில இடங்களில் பை இறுகுவதைக் குறைப்பதும். முன்னதற்கு, வட்ட வடிவமே நின்ற நிலையில் கிட்டத்தட்ட நீர்த்துளியின் சரிவைக் கொடுத்துவிடுகிறது. பின்னதற்கு, பாக்டீரியா புகாதபடி ரணசிகிச்சை செய்வதும் வைக்கும் இடத்தை யோசித்துத் தீர்மானிப்பதும் பெருமளவு துணைசெய்கின்றன. சுமார் 4 மைக்ரான் அளவே ஏற்றத்தாழ்வுள்ள மோட்டிவா போன்ற இம்பிளான்ட்டுகள் வேறு இப்போது வந்திருக்கின்றன, ஐ.எஸ்.ஓ. கணக்கில் இவையும் வழவழப்பானவையே. 2024 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. இவற்றை அளவு பெருக்கும் சிகிச்சைக்கு அனுமதித்தது. பல வருஷ அனுபவம் சேர்ந்தபின்னரே இவற்றைப் பற்றித் தீர்மானமாகப் பேச முடியும்.

டாக்டரிடம் போகும்போது மாதிரிகளைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், உள்ளே நிரப்பிய ஜெல் எந்த ரகம், தசைக்கு மேலா கீழா, என் தோலும் கொழுப்பும் எவ்வளவு கனம், எனக்கு அங்கே உணர்ச்சி எவ்வளவு மிஞ்சும், பரப்பின் ஏற்றத்தாழ்வு எத்தனை மைக்ரான் என்று ஐந்தையும் எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். இம்பிளான்ட்டின் கம்பெனிப் பெயரும் ரகமும் வரிசை எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சிகிச்சைக்குப் பின் கொடுப்பார்கள். அதை வங்கிப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் அந்த அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் பயோசெல் என்று இருந்தாலும் பீதியடைந்து உடனே எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தொந்தரவு ஒன்றும் இல்லாதவர்கள் அதை எடுக்கத் தேவையில்லை என்றே 2019இல் எஃப்.டி.ஏ. சொல்லியிருக்கிறது. அந்த ஆசிரியையும் டாக்டரோடு கலந்து யோசித்து, எடுக்காமல் கவனித்துக்கொண்டு வருகிறார். ஆனால் சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்குப் பின் எப்போதானாலும், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, கட்டி தென்பட்டாலோ, விடாமல் வலித்தாலோ, அடிபட்டிருக்கும் என்றோ வயது காரணம் என்றோ நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நீர் சேர்ந்திருந்தால் அதை ஊசியால் எடுத்து சி.டி.30 என்ற பரிசோதனைக்கு அனுப்பும்படி வாய்விட்டுக் கேளுங்கள்; உள்ளூர் டாக்டருக்கு இந்த வியாதியின் பெயர் பழக்கமில்லாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.